மீட்டர்காரர் கட்டிய பாலம்

"எங்க ஊரை எரிச்சாங்க, இடிச்சாங்க, மேப்புலேருந்துகூட எடுத்துட்டாங்க. எடுக்கட்டும். ஊர் இங்கே இருக்கு" என்று மீட்டர்காரர் தம் நெற்றியைத் தட்டிக் காட்டினார். "ஒரு சந்து கூடாது, ஒரு சந்து குறையாது. கழுத்துல கத்தியை வச்சுக் கேட்டாலும் சரி, எங்க ஊரைப் பத்தி என் வாய்லேருந்து ஒரு பொய் வராது."

இந்தப் பிரகடனம் நிகழ்ந்த இடம் ஒரு லாண்டரியின் பின்கட்டு. சபையில் இருந்தவர்கள், ஹோட்டல் படுக்கைவிரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும், சொந்த நாட்டில் கொத்தனாராக இருந்து இந்த நாட்டில் துணி பிழிகிறவராகப் பதவி இறங்கிய ஒருவரும். பெண்கள் இருவரும் இதைப் பலமுறை கேட்டவர்களாதலால் மடிப்பில் கவனமாக இருந்தார்கள். கொத்தனார் வேலைக்குப் புதிது. வாயைப் பிளந்து கேட்டார். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

மீட்டர்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இப்போது அவருடைய அகதி அட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது. ஊரில் அவர் கரண்ட் ஆபீஸ் ஊழியர். வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து அளவெடுத்துக்கொண்டு வருவது வேலை. பிறருக்கு அது வேலையாகத் தெரிந்திருக்கலாம். அவரைப் பொறுத்தவரை அது மனித இயல் ஆராய்ச்சி. வாசலிலேயே மீட்டர் வைத்திருப்பவன் யோக்கியன், அல்லது மீட்டரில் கை வைக்கத் தெரியாதவன். அலமாரிக்குப் பின்னால் வைத்திருப்பவன் பிழைக்கத் தெரிந்தவன். படுக்கையறையில் வைத்திருப்பவன் பரம வெகுளி, அவன் வீட்டில் தேநீர் நிச்சயம். இந்த விஞ்ஞானத்தின் துணைகொண்டு அவர் ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டையும், அதிலுள்ள நாயையும், அந்த நாய் எந்தக் காலைக் கடிக்கும் என்பதையும் அறிந்திருந்தார். தலைக்குள் ஊர் இருக்கிறது என்று அவர் சொன்னது வெறும் பேச்சில்லை.

இந்த நகரத்தில் அவருடைய வசிப்பிடம், பழைய பிரிட்ஜ்களை ரிப்பேர் செய்யும் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே எதையாவது ஓடவிட்டுப் பார்த்தால் மேலே தரை கிடுகிடுக்கும். அப்போது பாத்திரங்கள் தாமாகவே மெல்ல நகர்ந்து அலமாரியின் ஓரத்துக்கு வரும். அவற்றைப் பின்னுக்குத் தள்ளி வைப்பது அவருடைய மகளின் பொறுப்பு. அறையை இரண்டாகப் பிரிக்கும் திரை, லாண்டரியில் கறை போகாததால் கழித்துக் கட்டப்பட்ட ஒரு படுக்கைவிரிப்பு. மூலையில் பெரிய ஹோட்டல் ஒன்றின் முத்திரை இருக்கும். "நாங்க ஹோட்டல்லதான் இருக்கோம், என்ன, இன்னும் ரூம் சர்வீஸ் வரல" என்பது மீட்டர்காரரின் நிரந்தர நகைச்சுவை. மனைவி அதற்குச் சிரித்து வருடங்கள் ஆயின. அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போவாள். மாலையில் கிளம்பினால், கடைசி நோயாளி வாயை மூடிக்கொண்டு போனபிறகுதான் வீடு திரும்புவாள்.

நகரத்தின் மறுகோடியில் பெரிய ஆபீஸ் இருந்தது. இந்த நாட்டில் ஒதுங்கியவர்களில் தகுதியானவர்களைப் பொறுக்கி எடுத்து, குளிரும் கண்ணியமும் மிகுந்த மேல்நாடுகளுக்கு அனுப்பிவைக்கும் திருப்பணி அங்கே நடந்தது. துயரப்பட்டவர்கள் எல்லோரையும் அனுப்பிவிட முடியுமா? உலகத்தில் துயரம் எக்கச்சக்கமாக விளைகிறது. ஆகவே தரம் பிரித்தார்கள். அந்த வருடம் மேல்நாட்டின் இரக்கம் மீட்டர்காரரின் ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தது. ஊர் எரிந்த அன்று பக்கத்துக் குன்றில் ஒரு புகைப்படக்காரர் இருந்திருக்கிறார், வெளிச்சமும் நன்றாக விழுந்திருக்கிறது. படம் உலகமெல்லாம் போயிற்று. அதன் பயனாக அந்த ஊர்க்காரர்களுக்கென்று பெரிய ஆபீஸில் தனி வரிசை. அந்த வரிசைக்கு மட்டும் மேலே தகரம் போட்டு நிழல் செய்திருந்தார்கள்.

கொத்தனார் நின்றது வெயில் வரிசையில்.

"உங்க ஊரை எப்படி அழிச்சாங்க?" என்று மீட்டர்காரர் விசாரித்தார். இருவரும் ஒரே விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மெதுவா அண்ணா."

"மெதுவான்னா?"

"முதல்ல ரோட்டை மூடினாங்க. அப்புறம் சந்தையை. அப்புறம் கிணத்துல எதையோ கொட்டினாங்க. ஒவ்வொருத்தரா கிளம்பிப் போயிட்டாங்க. கடைசியில நானும் ஒரு கழுதையும்தான் மிச்சம். கழுதை போன மறுநாள் நானும் கிளம்பிட்டேன்."

மீட்டர்காரர் உதட்டைப் பிதுக்கினார். "மெதுவா அழிச்சா கணக்குல வராதுப்பா. ஒரே நாள்ல முடிச்சிருக்கணும். படம் ஏதாவது பிடிச்சாங்களா?"

"கிணத்தையா?"

"அப்போ ரொம்பக் கஷ்டம்" என்றார் மீட்டர்காரர், ஆழ்ந்த அனுதாபத்தோடும் ஆழ்ந்த கர்வத்தோடும். ஊர்ப் பெருமை மனிதனை எந்த உயரத்துக்கும் கொண்டுபோகும். எரிந்துபோன ஊரின் பெருமை இன்னும் ஒரு படி மேலே.

கொத்தனார் முறுக்குவதை நிறுத்தினார். "அண்ணா, உங்க ஊரை எனக்குச் சொல்லிக் குடுங்களேன். நானும் அந்த ஊருன்னு சொல்லிக்கிறேன். உங்க வரிசையில நிழல் இருக்கு."

இவ்விதமாக, எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை தொடங்காத ஒரு பாடத்துறை பிரிட்ஜ் கடைக்கு மேலே தொடங்கிற்று. மனைவி பல் ஆஸ்பத்திரிக்குப் போனதும் வகுப்பு. முதல் வாரம் கொத்தனார் ஒருவர். பிறகு அவருடைய அறையில் தங்கியிருந்த முடிவெட்டுகிறவர். பிறகு முடிவெட்டுகிறவரிடம் முடி வெட்டிக்கொள்கிறவர்கள். எல்லோருமே நிஜமாகவே ஊரிழந்தவர்கள்தாம். இழந்த விதம்தான் சரியில்லை. தட்சிணையாக மீட்டர்காரர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. யாராவது சர்க்கரைப் பொட்டலமோ சோப்போ வைத்துவிட்டுப் போனால் பார்க்காதது போல இருப்பார். அவருக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது. கரண்ட் ஆபீஸில் கடைசி மேஜைக்காரராக இருந்த மனிதர் பேசப் பேச, பத்துப் பேர் உதட்டசைத்துத் திரும்பச் சொன்னார்கள்.

"பெரிய தெருவுல மூணாவது வீடு?"

"தையல்காரி வீடு. மீட்டர் கதவுக்குப் பின்னாடி."

"நாய்?"

"கறுப்பு. இடது காலைத்தான் கடிக்கும்."

மூலையில் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகளும் சேர்ந்தே சொல்வாள். அவளுக்கு அந்த ஊர் நினைவில்லை. கைக்குழந்தையாக அங்கிருந்து வந்தவள். மற்ற மாணவர்களைப் போலவே அவளும் சொந்த ஊரைப் பாடமாகத்தான் படித்தாள்.

இரண்டாவது வாரத்தில் கொத்தனாருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. தெரு, குழாய், பள்ளிக்கூடம், மரம் அறுக்கிற ஆலை, இதெல்லாம் எங்க ஊர்லயும் இருந்துச்சு. வாயைத் திறந்தா எங்க ஊருதான் முந்திக்கிட்டு வருது. உங்க ஊர்ல மட்டும் இருக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு மத்ததையெல்லாம் ஞாபகம் வச்சுக்குவேன்."

"எங்க ஊர்ல மட்டும்னா…"

"கோட்டை? குகை? பெரிய மரம் ஏதாவது?"

மீட்டர்காரர் தலைக்குள் இருந்த ஊரைத் தெருத்தெருவாகச் சுற்றி வந்தார். கோட்டை இல்லை. குகை இல்லை. மரங்களை ஆலை அறுத்துவிட்டது.

"ஒண்ணுமே இல்லையா?" என்றார் முடிவெட்டுகிறவர். "இதுக்கா அண்ணா இத்தனை அலட்டல்? நான்கூட என்னமோ ஏதோன்னு நினைச்சேன்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் தைத்தது.

"பாலம் இருக்கு" என்றார் மீட்டர்காரர்.

அந்த ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு பாலத்தின் கதை நெடுங்காலமாக நடந்துவந்தது. ஊர் ஒரு கரையில், மற்ற உலகம் எதிர்க்கரையில். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு பிரமுகர் வந்து பாலத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டுப் போவார். நாட்டிய அடிக்கற்களை வரிசையாகத் தண்ணீரில் போட்டிருந்தாலே ஊர் அக்கரைக்கு நடந்து போயிருக்கலாம். அரசாங்கம் தலைமுறை தலைமுறையாகக் கட்டத் தவறிய அந்தப் பாலத்தை, மீட்டர்காரர் ஒரு சாயங்காலத்தில், டெண்டர் விடாமல், சிமெண்ட் திருடாமல் கட்டி முடித்தார். பொய் சொல்லாத தம் வாய்க்கு அவர் சொல்லிக்கொண்ட சமாதானமும் சட்டரீதியானது: பாலம் கட்டுவதாகச் சொன்னது அரசாங்கம், கட்டாமல் விட்ட பொய்யும் அரசாங்கத்தினுடையது, தான் அதைத் திருத்துகிறேன், அவ்வளவே.

"எத்தனை தூண் அண்ணா?" என்று கேட்டார் கொத்தனார். அவருடைய கண்ணில் துணி பிழிகிறவன் மறைந்து பழைய ஆள் எட்டிப் பார்த்தான்.

"மூணு."

"ஆறு எவ்வளவு அகலம்?"

மீட்டர்காரர் கையை விரித்து ஜன்னலுக்கு வெளியே, தெருவைத் தாண்டி, எதிரே இருந்த டயர் கடையைத் தாண்டிக் காட்டினார்.

"அவ்வளவுக்கு மூணு தாங்காது. முதல் வெள்ளத்துலயே உக்காந்துரும். குறைஞ்சது அஞ்சு வேணும்."

"அப்போ அஞ்சு."

"வளைவா, நேரா?"

"எது நல்லா இருக்கும்?"

"வளைவு வச்சா அழகு."

"எங்க ஊர்ல வளைவுதான்" என்றார் மீட்டர்காரர் கறாராக.

பெரிய ஆபீஸில் கொத்தனாரை விசாரித்தது ஓர் அதிகாரி அம்மாள். கேள்விகள் எல்லாம் வழக்கமானவை, பதில்களும் வழக்கமானவை. பாலம் என்றதும்தான் அந்த அம்மாள் பேனாவை நிமிர்த்தினாராம். கொத்தனார் பாலத்தை அஸ்திவாரத்திலிருந்து எழுப்பினார். வளைவில் கல் எப்படி உட்கார்ந்தது, வெள்ளத்தில் தூண் எப்படி நின்றது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் உடைந்து அழுதுவிட்டார். யாருமே படம் பிடிக்காத தம் ஊருக்காக அழவேண்டிய அழுகையை, இல்லாத ஒரு பாலத்தின் மேல் நின்று அழுது தீர்த்தார். அதிகாரி அம்மாளுக்கும் கண் கலங்கிற்று. கொத்தனார் தேர்வானார்.

விமானம் ஏறும் முன் அவர் மீட்டர்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம ஊரை மறக்கமாட்டேன் அண்ணா."

நம்ம ஊர் என்றார். மீட்டர்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

அதன்பிறகு பாலம் இல்லாமல் எவனும் பெரிய ஆபீஸ் படி ஏறவில்லை. மறுத்துச் சொல்ல நிஜமான ஊர்க்காரர் வேறு யாரும் இந்த நகரம் வரை வந்து சேர்ந்திருக்கவில்லை. முடிவெட்டுகிறவர் பாலத்தடியில் கடை போட்டிருந்தார். இன்னொருவர் பாலத்தில் நின்றுதான் தம் மனைவியை முதலில் பார்த்தார். மீன் விற்றவர்கள், காற்று வாங்கியவர்கள், பாலத்தின் மேலிருந்து தம் வீடு எரிவதைப் பார்த்தவர்கள் என்று நாளுக்கு நாள் போக்குவரத்து பெருகிற்று. அந்தப் பாலத்தைத் தாண்டி எத்தனையோ குடும்பங்கள் மேல்நாடு போய்ச் சேர்ந்தன. உலகத்தில் இத்தனை பேரைக் கரையேற்றிய பாலம் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்.

இத்தனை பேரை அனுப்பிய மீட்டர்காரர் தாம் மட்டும் ஏன் விண்ணப்பிக்கவில்லை? கேட்டவர்களிடம், "எல்லாரையும் ஏத்திட்டுக் கடைசியாத்தான் நான் ஏறணும்" என்று கப்பல் கேப்டன் தோரணையில் சொல்வார். உண்மைக் காரணம் மனைவி. அவள் வரமாட்டேன் என்றிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கொடியில் துணி போட்ட ஒரு பெண், முகம் மலர வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எங்களுக்கு ஓகே ஆயிடுச்சு. எல்லாம் உங்க ஊர் பாலத்தோட புண்ணியம். நீங்க நல்லா இருக்கணும்."

"எந்த ஊர் பாலம்?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? அஞ்சு தூண் பாலம்! எனக்கே தெரியும், உங்களுக்குத் தெரியாதா?"

மனைவி ஈரத்துணி வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். மீட்டர்காரர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை.

"எங்கே கட்டினீங்க?"

"எதை?"

"பாலத்தை. எந்த இடத்துல?"

அவர் கண்ணாடியைப் பார்த்தபடியே, "சும்மா, பசங்களுக்கு ஒரு அடையாளத்துக்கு…" என்று ஆரம்பித்தார்.

"இடத்தைக் கேட்டேன்."

"ஆலைக்குப் பக்கத்துல. துறையில."

"நாம இறங்கின துறையிலயா?"

அவர் ரேஸரைத் தண்ணீரில் அலசினார்.

"நல்ல இடம்தான்" என்றாள் மனைவி. "கரை மேடா இருக்கும். அங்கேதானே அடிக்கல்லெல்லாம் கிடந்துச்சு."

ஊர் எரிந்த அன்று விடிகாலையில் அவர்கள் அந்தத் துறையில்தான் ஆற்றில் இறங்கினார்கள். கைக்குழந்தை அவர் தோளில். ஆறு வயது மகன் அவர் கையில். மனைவி பின்னால், அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு. நடு ஆற்றில் தண்ணீர் அவர் மார்புக்கு ஏறியது. மகன் கையைப் பிடித்துக்கொண்டேதான் இருந்தான். ஏதோ ஓர் இழுப்பு, பிறகு அவர் கை காலியாக இருந்தது. கத்தக்கூட முடியவில்லை, கரையில் துப்பாக்கிக்காரர்கள் இருந்தார்கள். இதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. மகனை அந்த ஆற்றில் விட்டுவிட்டு அதைவிடத் தூரமாகப் போக மனமில்லாமல்தான் மனைவி இத்தனை காலம் பெரிய ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"ஒரு வருஷமா ஊருக்கெல்லாம் பாலம் போட்டுக் குடுத்திருக்கீங்க" என்றாள். "நல்லா நடந்து போனாங்களா எல்லாரும்? நனையாம?"

"அவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கு."

"இருக்கட்டும். நான் இல்லேன்னு சொல்லல. என் பிள்ளை போன இடத்துல வேணுமா?"

கீழே ஏதோ பிரிட்ஜை ஓடவிட்டார்கள். தரை நடுங்கிற்று. மகள் வந்து பாத்திரங்களைத் தள்ளி வைத்துவிட்டு, இருவரையும் பார்த்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் படித்தது, அகதிகளின் பிள்ளைகளுக்கென்று ஒரு சங்கம் நடத்திய பள்ளி. அங்கே ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. இந்த வருடத்தோடு முடிகிறது. அதன் பிறகு இந்த ஊரில் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. லாண்டரி இருக்கிறது, பல் ஆஸ்பத்திரி இருக்கிறது.

அதை நினைத்தோ என்னவோ மனைவி திரையின் பக்கம் பார்த்துவிட்டு, "சரி, போலாம். எழுதிப் போடுங்க" என்றாள். "அவளுக்காகப் போலாம். ஆனா ஒண்ணு. அங்கே கேக்கும்போது நம்ம பிள்ளை எப்படிப் போனான்னு உள்ளது உள்ளபடி சொல்லணும். பாலம் இல்லே. இருந்திருந்தா அவன் இருந்திருப்பான். அதை ஒருத்தராவது எழுதி வச்சுக்கட்டும். இவ்வளவுதான் நான் கேக்கறது."

"இதைச் சொல்லணுமா?" என்றார் மீட்டர்காரர். நுரை காய்ந்து கன்னத்தில் இழுத்தது. "மத்தவங்களுக்குத்தான் பாடம். எனக்கு எதுக்கு? நான் ஊர்க்காரன். என் ஊரைப் பத்தி என் வாயில பொய் வருமா?"

நிழல் வரிசையில் மீட்டர்காரர் முதன்முதலாக நின்ற நாளில் அவருடைய நடையே வேறு. பரம்பரைச் சொத்துக்குப் பட்டா வாங்கப் போகிறவனின் நடை. மூவரையும் உள்ளே அழைத்தார்கள். மகளைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பொம்மைகள் கிடந்த ஓர் அறையில் உட்காரவைத்தார்கள். பொம்மை வயதைத் தாண்டியவள் அவள். சின்னப் பிள்ளைகளுக்கிடையே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பக்கம் மேஜைக்குப் பின்னால் அதே அதிகாரி அம்மாள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், டை கட்டிய இளைஞர். மேஜைமேல் தண்ணீர், கண்ணீர் துடைக்கக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அழுகைக்கு முன்னேற்பாடு செய்துவைத்திருந்த ஒரே அரசாங்க மேஜை அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

முதல் பாதியில் மீட்டர்காரர் ஜொலித்தார். தெரு கேட்டால் வீடு சொன்னார், வீடு கேட்டால் மீட்டர் சொன்னார். நாய் விஷயத்தில் மொழிபெயர்ப்பாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி அம்மாளும் புன்னகையோடு, "அந்தக் கறுப்பு நாயைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றார். மீட்டர்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

பிறகு, ஊரை விட்டு வந்த நாள்.

மீட்டர்காரர் ஆலை, துறை, தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மகனுடைய கை என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். மொழிபெயர்ப்பாளர் அதுவரை வந்ததைச் சொல்லி முடித்தார். அதிகாரி அம்மாள் கனிவாகத் தலையசைத்துவிட்டு, புருவத்தைச் சுருக்கி ஒரு கேள்வி கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் திரும்பினார். "மேடம் கேக்கறாங்க, நீங்க ஏன் தண்ணியில இறங்கினீங்க? அந்த இடத்துல பாலம் இருக்கே?"



"பாலம் கிடையாது" என்றாள் மனைவி. நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, மொழிபெயர்ப்பாளருக்கு வசதியாக மெதுவாகவும் சொன்னாள். "எங்க ஊர்ல பாலமே கிடையாதுங்க."

அதிகாரி அம்மாளின் முகத்திலிருந்து கனிவு போகவில்லை. அதன் மேல் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அவர் நிதானமாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் சங்கடத்தோடு சொன்னார்:

"உங்க ஊர்லேருந்து வந்த எல்லாரும் பாலத்தைச் சொல்லியிருக்காங்களாம். ஒருத்தர்கூடப் பாக்கியில்லையாம். அந்த ஊர்ல பிறந்தவங்களுக்குப் பாலம் தெரியாம இருக்க முடியாதுன்னு மேடம் சொல்றாங்க. அதனால… உங்களைக் கேக்கறாங்க. நீங்க நிஜமாவே அந்த ஊர்தானா?"

மீட்டர்காரரை அந்த ஊர்க்காரரா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். இப்போது வாயைத் திறந்தார், சண்டை வரவில்லை. பாலம் இல்லை என்றால், இல்லாத பாலத்தில் நடந்துபோனவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிடுவார்கள். கொத்தனாரை, முடிவெட்டுகிறவரை, மொட்டைமாடிப் பெண்ணை. அப்படிக் கூப்பிட்டாலும் தம்மை நம்புவார்களா? அத்தனை பேர் ஒரு பக்கம், தாமும் மனைவியும் ஒரு பக்கம். தம் மாணவர்களின் திறமையை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் ஒரு சின்னப் பையனுக்குப் பொம்மை லாரியைத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலம் இருந்துச்சு" என்றார் மீட்டர்காரர்.

மொழிபெயர்ப்பாளருக்கே கேட்கவில்லை. "சத்தமா சொல்லுங்க."

"இருந்துச்சு. அஞ்சு தூண். பாலத்து மேலதான் வந்தோம். இவ சொல்லச் சொன்னதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். இவ அன்னிக்குத் தண்ணியை மட்டும்தான் பார்த்தா. வேற எதையும் பார்க்கல. அதான் இப்படிச் சொல்றா."

மனைவி முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்தாள். அதிகாரி அம்மாள் அவள் பக்கம் திரும்பி, அவர் சொல்வது சரிதானா என்று கேட்டார். மனைவி அவரைப் பார்க்கவில்லை, கணவனையும் பார்க்கவில்லை.

"ஊர் விஷயமெல்லாம் அவரைத்தான் கேக்கணும்" என்றாள். "அவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

அதிகாரி அம்மாள் எழுதிக்கொண்டார். அவருக்கு மனம் இளகிவிட்டிருந்தது. காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மனைவி பக்கம் மெல்ல நகர்த்திவைத்தார். அது தொடப்படாமல் அங்கேயே இருந்தது. பிறகு அவர் தாழ்ந்த குரலில் கேட்டதை மொழிபெயர்ப்பாளரும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அப்போ பையன்?"

"பாலத்துலேருந்து விழுந்துட்டான்."

"எப்படி?"

"ஒரே கூட்டம். கையை விட்டுட்டேன்."

"கைப்பிடிச்சுவர் இருந்திருக்குமே?"

இந்தக் கேள்வியை எந்த மாணவரும் இதுவரை சந்தித்ததில்லை. கைப்பிடிச்சுவரைப் பற்றிப் பாடத்தில் எதுவும் கிடையாது. மீட்டர்காரர் யோசித்தார்.

"இருந்துச்சு. உயரம் கம்மி."

"எவ்வளவு உயரம்?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். தரையிலிருந்து அளந்து, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே கையைக் காற்றில் வைத்துக் காட்டினார். அதிகாரி அம்மாள் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளக் குனிந்தார்.

மீட்டர்காரர் தம் கையைப் பார்த்தார். அந்த உயரச் சுவரைத் தாண்டி மகன் விழுந்திருக்க முடியாது. அது அவனுடைய கழுத்து அளவுக்கு இருந்தது.

கையை முழங்காலுக்கு இறக்கினார்.

"இவ்வளவுதான்" என்றார்.